எந்தப் பட்டை, எவ்வளவு ஜாதிக்காய் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. சுக்கு, மிளகு, திப்பிலியில் ஆரம்பித்து பிரசவ லேகியச் சாமான், தீபாவளி மருந்துச் சாமான் வரை நிறுத்துக் கொடுப்பதுதான் தொழில். தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், காப்பியில் கலந்து குடிக்கிற 'இலையுதிர்கால மசாலா சிரப்'பை வீட்டிலேயே காய்ச்சுவது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டே சிலர் கடைக்கு வந்தார்கள். செல்போனில் படம் பிடித்து வந்தவர்களும் உண்டு. ஒரு பாட்டில் சிரப்புக்கு நூற்றுக்கணக்கில் பணம் கொடுப்பதை விட்டுவிட்டு, ஏலக்காயும் கிராம்பும் வாங்கி நாமே காய்ச்சுவோம் என்று நம் பிள்ளைகள் கிளம்பியதில் எனக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் குறிப்பில் இரண்டு இடத்தில் விவரம் போதவில்லை. 'பட்டை 3 துண்டு' என்று இருக்கிறது. எந்தப் பட்டை என்று இல்லை. 'ஜாதிக்காய்ப் பொடி' என்று இருக்கிறது. எவ்வளவு என்று இல்லை. மற்ற சாமான்களில் கூடக் குறைய ஆனால் ருசிதான் மாறும். இந்த இரண்டை மட்டும் அப்படி விட முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு பெண், பெங்களூரில் வேலையாம், கடைக்கு வந்து, “ஐயா, பட்டை நூறு கிராம் கொடுங்க, பாகு காய்ச்சணும்” என்றார்.

“எந்தப் பட்டைம்மா?”

“பிரியாணிக்குப் போடுறதுதான். வேற இருக்கா?”

இரண்டு டப்பாவையும் எடுத்து வைத்தேன். பிரியாணிக்குப் போடுகிற பட்டை தடிமனாக, ஒரே தோலாக, கரடுமுரடாக இருக்கும். கையால் ஒடிக்க முடியாது. உலக்கையால் ஒரு போடு போட வேண்டும். வாயில் போட்டால் சுள்ளென்று காரம் ஏறும். இது காசியாப் பட்டை. சீனா, வியட்நாம், இந்தோனேசியா பக்கமிருந்து வருகிறது. இன்னொன்று இலங்கைப் பட்டை. நாங்கள் சுருள் பட்டை என்போம். மெல்லிய தோல் பல அடுக்காக, சுருட்டு சுற்றிய மாதிரி உள்ளுக்குள் உள்ளாகச் சுருண்டிருக்கும். வெளிர் பழுப்பு நிறம். இரண்டு விரலால் அழுத்தினாலே பொடியும். காரம் கம்மி, இனிப்பான வாசனை. அந்தப் பெண் இரண்டையும் ஒடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, “இத்தனை நாளா தெரியாம இருந்தோமே” என்றார். தெரியாமல் இருந்தது அவர் குற்றமில்லை. மளிகைக் கடைகளில் பெரும்பாலும் முதல் ரகம்தான் இருக்கிறது. அதற்கும் 'பட்டை' என்றுதான் சீட்டு ஒட்டியிருக்கும். சுருள் பட்டை விலை கூடுதல் என்பதால் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். காசியாப் பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்பட உடம்பில் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் வரைதான் தினமும் உட்கொள்ளலாம் என்று வரையறுத்திருக்கிறது. ஜெர்மனி அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் போட்ட கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ள பெரியவர் தினமும் 2 கிராம் காசியாப் பட்டை சாப்பிட்டாலே அந்த எல்லை வந்துவிடும். 15 கிலோ குழந்தைக்கு அரை கிராம். இலங்கைப் பட்டையில் கூமரின் இருக்கிற இடம் தெரியாது, அவ்வளவு சொற்பம்.

யாரையும் பயமுறுத்துவதற்கு இதைச் சொல்லவில்லை. பிரியாணியில் எப்போதாவது போடுகிற இரண்டு துண்டால் ஒன்றும் ஆகாது. அதைக்கூட இலையில் ஒதுக்கிவிடுகிறோம். பாகு விஷயம் வேறு. காலையில் ஒரு காப்பி, சாயங்காலம் ஒரு காப்பி, ராத்திரி குழந்தைக்குப் பாலில் ஒரு கரண்டி என்று ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க தினமும் வயிற்றுக்குள் போகிற சாமான் இது. அதுவும் சிலர் பட்டையைக் காய்ச்சி வடிகட்டுவதற்குப் பதில் பொடித்துப் பாகிலேயே கலந்துவிடுகிறார்கள். முழுப் பொடியும் உள்ளே போகும். தினமும் குடிக்கிற பொருளுக்குச் சுருள் பட்டைதான் சரி. நாலு காசு கூடினாலும், அரை லிட்டர் பாகுக்கு இரண்டே சுருள்தான் வேண்டும்.

அடுத்தது ஜாதிக்காய். நம் வீடுகளில் குழந்தைக்கு உரைமருந்து கொடுத்த காலத்தில் ஜாதிக்காயை உரைகல்லில் தேய்ப்பார்கள். எத்தனை உரசு? ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. அதற்கு மேல் தேய்த்தால் கிழவி கையைப் பிடித்துக்கொள்வாள். (பச்சைக் குழந்தைக்கு உரைமருந்தே வேண்டாம் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். நானும் கேட்டு வருகிறவர்களிடம் அதையே சொல்கிறேன். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அளவை மட்டும்.) ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. சிட்டிகை அளவில் வாசனை; கிராம் கணக்கில் போனால் குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, வாய் உலர்வது, மயக்கம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று ஆளைப் படுக்க வைத்துவிடும். ஐந்து கிராமுக்குப் பக்கத்தில் போனாலே ஆபத்து. ஒரு நடுத்தர ஜாதிக்காயின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். 'ஜாதிக்காய்ப் பொடி' என்று அளவில்லாமல் எழுதினால், ஒரு காயை அப்படியே மிக்ஸியில் போட்டு அரைத்துக் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். “ஒரு காய் போதுமா, ரெண்டு போடணுமா?” என்று ஒரு தம்பி என்னிடமே கேட்டார். அரை லிட்டர் பாகுக்கு இரண்டு சிட்டிகை துருவல் போதும். கர்ப்பிணிகள் அதையும் தவிர்த்துவிடுவது நல்லது.

ஜாதிக்காய் நமக்குப் புதுச் சரக்கு கிடையாது. மன்னார்குடியிலிருந்து கிழக்கே போனால் நாகப்பட்டினம். 1658-இல் டச்சுக்காரர்கள் அதைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுக்கு அங்கே வேண்டியிருந்தது நம் தறித்துணி. அந்தத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் வாங்கினார்கள். ஜாதிக்காய் அப்போது விளைந்தது இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் மட்டும். அந்தத் தீவுகளில் ஒன்றான ரன் தீவுக்காக ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அடித்துக்கொண்டு, கடைசியில் 1667-இல் போட்ட பிரெடா ஒப்பந்தத்தில் ரன் தீவு டச்சுக்காரரிடமே நின்றது. இன்றைக்கு நியூயார்க்கின் நடுவில் இருக்கும் மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடம் போயிற்று. அதே அமெரிக்காவில் இன்று இந்த மசாலாவைப் பாகாக்கிக் காப்பியில் ஊற்றுகிறார்கள். அந்தக் காய் இப்போது கேரளத்திலும் பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளிலும் காய்க்கிறது. என் கடைக்கு அங்கிருந்துதான் வருகிறது. நல்ல காயா என்று பார்க்க ஓர் ஊசியால் குத்தினால் போதும். எண்ணெய் கசிந்து ஊசி முனையில் நிற்கும்.

அமெரிக்கர்களுக்கு இந்த மசாலா செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான இலை உதிரும் காலத்துக்கு உரியது. பரங்கிக்காயை வேகவைத்து மசித்து 'பை' என்று ஒரு பண்டம் செய்வார்கள். அதற்குப் போடுகிற பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, ஆல்ஸ்பைஸ் கலந்த பொடியை மெக்கார்மிக் நிறுவனம் 1934-இல் டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. 2003-இல் ஸ்டார்பக்ஸ் அதே வாசனையைக் காப்பியில் கொண்டுவந்து 'பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே' என்று பெயர் வைத்தது. 2015 வரை அதில் உண்மையான பரங்கிக்காய் சேர்க்கவில்லை. ஆக, மக்கள் விரும்பியது மசாலாவைத்தான். ஆல்ஸ்பைஸ் என்பது கரீபியத் தீவுகளில் விளைகிற, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு காய். அது இல்லையே என்று யாரும் கலங்க வேண்டாம். கிராம்பை இரண்டு கூட்டிப் போட்டால் அந்த வாசனையில் முக்கால்வாசி வந்துவிடும்.

நமக்கு அந்த மாதங்களில் இலை உதிர்வதில்லை, மழை கொட்டுகிறது. சம்பா நட்டு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் நேரம். மாயவரத்தில் துலாக் கட்டத்தில் விடியற்காலை முழுகி எழுகிறவர்களுக்கு உடம்பு வெடவெடக்கும். களை பறித்துவிட்டு நனைந்த புடவையோடு கடைக்கு வருகிற பெண்கள் கேட்பது சுக்கும் மிளகும்தான். தீபாவளி மருந்தை இந்த மழையில் வைத்திருக்கிறார்களே நம் முன்னோர், அதிலும் சுக்கு, மிளகு, ஏலம், ஜாதிக்காய், வெல்லம்தானே? ஆகவே இந்தப் பாகு நம் ஐப்பசிக்கு அமெரிக்க அக்டோபரைவிட நன்றாகப் பொருந்தும் என்று நான் மனதார நம்புகிறேன். வெள்ளைச் சர்க்கரையும் வெனிலா எசன்ஸும்தான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எங்கள் வீட்டில் காய்ச்சுகிற முறையைச் சொல்கிறேன். என் சம்சாரத்தின் கைப்பக்குவம். அளவு மட்டும் கடைத் தராசில் நான் நிறுத்துப் பார்த்தது.

பனங்கருப்பட்டி 400 கிராம், தண்ணீர் 400 மில்லி, அதாவது இரண்டு டம்ளர். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் போட்டு, மசாலா எதுவும் சேர்க்காமல் முதலில் கரையவிட வேண்டும். கரைந்ததும் வடிகட்ட வேண்டும். இதைத் தாண்டிப் போகக் கூடாது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள். அதன் வண்டல், மணல், ஓலைத் துணுக்கு எல்லாம் கருப்பட்டியில் இருக்கும். வேட்டித் துணியை நாலாக மடித்து வடித்தால் துணியின் நடுவில் கருப்பாக ஒரு படிவு தங்குவதைப் பார்க்கலாம். அப்புறம் சுருள் பட்டை இரண்டு, கிராம்பு எட்டு, ஏலக்காய் ஆறு, மிளகு பத்து, சுக்கு ஐந்து கிராம். எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும், பொடிக்கக் கூடாது. பொடித்தால் பாகு கலங்கும், அடியில் சேறு தங்கும், கசப்பும் ஏறும். ஏலக்காயைத் தோலோடு பிளந்து போடுங்கள்.

சுக்குக்குத் தோல் சீவ வேண்டும். 'கடுக்காய்க்கு அகணி நஞ்சு, சுக்குக்குப் புறணி நஞ்சு' என்று கடையில் தினமும் சொல்கிற பழமொழிதான். கிராம்பை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம்: நல்லது மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும், எண்ணெய் எடுத்த சக்கை படுத்து மிதக்கும்.

அடுப்பைச் சிம்மில் வைத்து ஒரு கால் மணி, இருபது நிமிடம் கொதிக்க வேண்டும். கம்பிப் பதம் வரக் கூடாது. அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் பாகு வைத்துப் பழகிய கைகள் இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், நூல் எழும்பக் கூடாது. எழும்பிவிட்டால் ஆறியதும் பாட்டிலில் கெட்டிப்பட்டு, கவிழ்த்தாலும் வராது. வெள்ளைச் சர்க்கரையில் காய்ச்சுகிறவர்கள் அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் பிறகு சர்க்கரை பூக்காது. இறக்கிய பிறகுதான் ஜாதிக்காயைத் துருவிப் போட்டு மூடி வைக்க வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் வாசனை ஆவியோடு போய் வீட்டை நிறைக்குமே தவிர பாகில் நிற்காது. முழுக்க ஆறும்வரை மசாலா அதிலேயே ஊறட்டும். பிறகு வடித்து, கொதிநீரில் அலசி நன்றாகக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்ற வேண்டும். அரை லிட்டர் அளவுக்கு வரும்.

பரங்கிக்காய் போட ஆசைப்படுகிறவர்கள் போடலாம். கொல்லையில் காய்த்த நாட்டுப் பரங்கி நூறு கிராமை வேகவைத்து மசித்து, கடைசி ஐந்து நிமிடத்தில் கலந்தால் பாகு கனமாக, மஞ்சள் ஓடிய பழுப்பாக வரும். குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அதுவும் ஃபிரிட்ஜில்தான். பரங்கி போடாத பாகு ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது. நுரை கட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ, மேலே பூசணம் பூத்தாலோ மீண்டும் கொதிக்க வைத்துச் சரிக்கட்ட வேண்டாம், கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் காற்றே ஈரம். ஒரேயடியாக இரண்டு லிட்டர் காய்ச்சி வைப்பதைவிட, தீரத் தீரக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுவது உத்தமம்.

காப்பியில் கலப்பதற்கும் ஒரு முறை உண்டு. “உங்கள் கருப்பட்டி போட்டதும் பால் திரிந்துவிட்டது, சரக்கு சரியில்லை” என்று வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு இருக்கும். டிகாக்‌ஷனும் அமிலத்தன்மை உள்ளதுதான். கொதிக்கிற பாலில் இரண்டும் சேர்ந்தால் பால் தாங்காது. சுக்குக்குப் பதில் பச்சை இஞ்சியைச் சாறாக விட்டால் இன்னும் மோசம்; இஞ்சியில் இருக்கிற நொதி பாலின் புரதத்தை உடைத்துவிடும். டபராவில் முதலில் பாகு இரண்டு ஸ்பூன், அதன்மேல் சூடான டிகாக்‌ஷன், இரண்டையும் கலக்கிவிட்டு, பாலை அடுப்பிலிருந்து இறக்கி நுரை அடங்கிய பிறகு மெதுவாக ஊற்றி ஆற்றுங்கள். திரியாது. கும்பகோணத்து ஃபில்டர் காப்பியின் கசப்புக்கும் இந்தப் பாகின் காரத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம். சிக்கரி கூடுதலாகக் கலந்த பொடியாக இருந்தால் பாகை ஒரு ஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளலாம்.

காப்பி குடிக்காதவர்கள் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் விட்டு எலுமிச்சை பிழிந்து குடிக்கலாம். கேழ்வரகுக் கஞ்சியில் விடலாம். வெயில் திரும்பிய பிறகு மிச்சம் இருந்தால் சோடாவில் கலந்து குடிக்க, நன்னாரி சர்பத்துக்கு அது குறைந்ததில்லை.

கஜா புயலை இங்கே சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்த கதை எல்லோருக்கும் தெரியும். கரண்ட் கம்பம் எல்லாம் விழுந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. பால் வண்டி வரவில்லை. ஃபிரிட்ஜ் இருந்து என்ன பயன்? அந்த நாட்களில் என் கடையில் இருந்த கருப்பட்டியையும் சுக்கையும் மிளகையும் போட்டு, கருப்பட்டி இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று கெட்டியாகக் காய்ச்சி வைத்தோம். தண்ணீர் குறையக் குறையப் பாகு கெடாது, வெளியிலேயே இருந்தது. எங்கள் தெருவில் ஓடு பறந்த வீட்டுக்காரர்கள், குழந்தைகள் எல்லோருக்கும் வெந்நீரில் அதை விட்டுக் கொடுத்தோம். பால் இல்லாத காப்பிக்கும் அதுதான். வயிற்றுக்குச் சூடாக ஏதோ ஒன்று கிடைத்தது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பாகைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ண எனக்கு மனம் வரவில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி வாங்குகிற நாம், கெட்டிப் பாகு ஒரு பாட்டில் காய்ச்சி வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கருப்பட்டி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. என் கடையில் விற்கிற பொருள்தான். விற்றால் எனக்குத்தான் லாபம். இருந்தாலும் சொல்கிறேன்: கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே பொருள்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அவர்களுக்கு இதே மசாலாவை வெறும் தண்ணீரில் காய்ச்சி வடித்து, இனிப்பில்லாமல் காப்பியில் ஒரு ஸ்பூன் விடலாம். வாசனை முழுக்கக் கிடைக்கும். அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. இன்னொன்று, கருப்பட்டிக்குப் பதில் தேன் சேர்க்கிறவர்கள் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அந்தப் பாகை நாக்கில்கூடத் தடவக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பத்திரிகை வருகிற வீடுகளில் சமையல் குறிப்பைச் சொன்னது சொன்னபடி செய்கிறவர்கள் அதிகம். அச்சில் வந்ததை அப்படியே நம்புகிறார்கள். கத்தரித்த துண்டோடு என் கடைக்கு வந்து நின்றவர்களின் கண்ணில் அந்த நம்பிக்கையைப் பார்த்தேன். ஆகவே, அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். 'பட்டை' என்று இருக்கும் இடத்தில் 'இலங்கைச் சுருள் பட்டை 2' என்று போடுங்கள். 'ஜாதிக்காய்ப் பொடி' என்று இருக்கும் இடத்தில் 'துருவிய ஜாதிக்காய் 2 சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம்' என்று போடுங்கள். இனி வரும் குறிப்புகளிலும் மசாலாச் சாமான்களுக்கு எடையைக் கிராமில் கொடுத்தால் நிறுத்துக் கொடுக்கிற எங்களுக்கும் சுலபம். கார்த்திகை தொடங்கும் முன்பே திருத்தம் வந்துவிட்டால் நல்லது. மழை விடுவதற்குள் இன்னும் நிறையப் பேர் காய்ச்சுவார்கள்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி